விசா வந்துவிட்டது என்றால், எந்த விசா?

(நம் சமூகக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதையாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த வேறு விஷயம் ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வரும் தொழிலாளர்களின் வேலை அனுமதிச் சீட்டு வேலைகளெல்லாம் என் மேசையில்தான் நடக்கும். ஓய்வு பெற்று இங்கே குடிவந்த பிறகு அந்த அறிவுக்கு இனி வேலை இருக்காது என்று நினைத்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி அந்த நினைப்பு மாறியது.

தூக்கம் வராமல் கீழே நடந்துகொண்டிருந்தேன். பி பிளாக் வாசலில் இருக்கும் நம் இரவுக் காவலர் எழுந்து வந்தார். "சார், தூங்கலையா? ஒரு நிமிஷம் இதைப் பாத்துச் சொல்றீங்களா? பையனுக்கு துபாய் விசா வந்திருச்சு" என்று போனை நீட்டினார். முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. அவருடைய மகன் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் உதவியாளாக இருப்பவன். ஏஜென்ட் மொத்தம் 1,20,000 ரூபாய் கேட்டிருக்கிறார். இருபதாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்க மறுநாள் காலை போவதாக இருந்தார்.

போனில் இருந்த தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விசாதான், போலி மாதிரித் தெரியவில்லை. ஆனால் அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான விசிட் விசா. அதில் பையனின் பெயர் இருந்தது, பாஸ்போர்ட் எண் இருந்தது. எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. என்ன வேலை என்றும் இல்லை.

அந்தத் தாளை அவரிடம் எப்படி விளக்கினேனோ, அதையேதான் இன்று உங்களிடமும் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் வெளிநாடு போய் வந்தவர்கள். பிள்ளைகளை அங்கே வைத்திருப்பவர்கள். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுக்கும் வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் "விசா வாங்கிட்டேன்", "விசா எடுத்துக் கொடுத்தார்" என்றெல்லாம் பேசுகிறோம். ஏதோ கடையில் கிடைக்கும் பொருள் மாதிரி. சிங்கப்பூரோ வளைகுடா நாடுகளோ, சாதாரணத் தொழிலாளிக்கு வேலை அனுமதியை அவர் வாங்க முடியாது. அங்கே உள்ள முதலாளிதான் அவருக்காக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்த அனுமதி ஒரு முதலாளியின் பெயரோடும் ஒரு வேலையோடும் ஒரு காலக்கெடுவோடும் கட்டப்பட்டது. ஆகவே அனுமதி உண்மையானது என்றால் அதற்குப் பின்னால் பெயர் தெரிந்த ஒரு முதலாளி இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஏஜென்ட்டிடம் விற்க எதுவும் இல்லை.

சிங்கப்பூரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்கு வருபவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு. நடுத்தரத் திறன் உள்ளவர்களுக்கு எஸ் பாஸ். உயர் பதவிகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். மூன்றுக்குமே விண்ணப்பம் மனிதவள அமைச்சுக்குப் போகிறது. வேலை அனுமதிச் சீட்டு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குத் தருவார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் முதலில் ஒரு கடிதம் வரும். அதைத்தான் தொழிலாளர்கள் ஐ.பி.ஏ. என்கிறார்கள். கொள்கை அளவிலான ஒப்புதல் என்று பொருள். முதலாளியின் பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், அதாவது நம்மவர்களுக்குத் தமிழிலேயே வரும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அது தொழிலாளியின் கைக்கு வந்திருக்க வேண்டும். கடிதம் உண்மைதானா என்று அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கட்டணம் கிடையாது.

மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதித் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்கிறார். மாதாமாதம் தீர்வை கட்டுகிறார். மருத்துவக் காப்பீடு எடுக்கிறார். இந்தச் செலவுகளைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஊரில் சில ஏஜென்ட்டுகள் "லெவி கட்டணும், பாண்டு கட்டணும்" என்று தொழிலாளியிடமே பணம் கேட்பார்கள். அது முதலாளியின் கடன், உங்களுடையதல்ல. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் ஏமாறுகிறார்கள்? என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அறந்தாங்கிப் பக்கம். வந்து மூன்றாம் நாள். மாதம் ஆயிரம் வெள்ளி சம்பளம் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். ஐ.பி.ஏ.யில் இருந்த அடிப்படைச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. மீதியை ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது ஏஜென்ட்டின் கணக்கு. "தம்பி, தமிழ்லதானே எழுதியிருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி படிக்கலையா?" என்று கேட்டேன். "ஏர்போர்ட்லதான் சார் கையில குடுத்தாங்க" என்றான். அதற்குள் வீட்டை வைத்துக் கடன் வாங்கியாயிற்று. ஊரே வழியனுப்ப வந்திருக்கிறது. அந்த நேரத்தில் தாளைப் படித்துவிட்டு யார் திரும்பிப் போவார்கள்?

அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான். தாள் முதலில், பணம் பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொல்பவரிடம் சந்தேகம் கொள்ளுங்கள்.

கடன் என்றதும் ஒரு கணக்கையும் போட்டுவிடுவோம். மூன்று லட்ச ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். மாத வட்டி 6,000 ரூபாய். அனுமதி இரண்டு ஆண்டு. இருபத்துநான்கு மாத வட்டி 1,44,000. முதலையும் சேர்த்தால் 4,44,000. மாதத்துக்கு 18,500 ரூபாய் மிச்சம் பிடித்தால்தான் இரண்டு ஆண்டு முடிவில் கடனில்லாமல் ஊர் திரும்பலாம். வீட்டுக்கு அனுப்பும் பணம் அதற்கு மேல்தான். அனுமதி தற்காலிகமானது என்பதன் உண்மையான பொருள் இதுதான். கடனுக்கும் அனுமதிக்கும் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அனுமதி முதலில் முடிந்துவிட்டால் மனிதர் தோற்றுவிடுகிறார்.

இப்போது வளைகுடாவுக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி வேலைக்கான நுழைவு அனுமதி எடுத்துத் தர வேண்டும். அங்கே இறங்கியபின் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, பிறகு குடியிருப்பு அனுமதி. அதற்கெல்லாம் முன்னால் வேலை வாய்ப்புக் கடிதம் என்று ஒன்று உண்டு. அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியையும் சேர்த்துத் தருவதற்கு அந்த நாட்டு அமைச்சகம் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பதும் அந்நாட்டுச் சட்டம். கத்தார் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாவற்றையும் இங்கே இந்தியாவிலேயே முடிக்க விசா மையங்கள் வைத்திருக்கிறது. சென்னையிலும் ஒன்று இருக்கிறது.

நம் காவலரிடம் ஏஜென்ட் சொன்னது வேறு. "விசிட்ல போயி இறங்கிடட்டும், அங்க மாத்திக்கலாம்." இது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் ஆபத்து. அங்கே ஒரு முதலாளி முறைப்படி அனுமதி வாங்கினால் விசாவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. முதலாளி யார் என்பதுதான் கேள்வி. ஆள் கிடைக்காவிட்டால் விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் தண்டனை. பிடிபடாவிட்டாலும் சம்பளம் தராத முதலாளி மேல் புகார் கொடுக்கத் தொழிலாளிக்குத் துணிவு வராது. புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவர்தானே.

இதைத் தடுக்க நம் நாட்டிலேயே ஒரு வேலி இருக்கிறது. இ.சி.ஆர். என்றால் நமக்கு மகாபலிபுரம் போகிற சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் அது வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக அந்த மூன்று எழுத்து இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் இது. அந்த அனுமதிக்கு முதலாளியின் பெயர், ஒப்பந்தம், சம்பளம், காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும், அவ்வளவுதான்.

விசிட் விசாவில் அனுப்புகிறவர் இந்த வேலியைத்தான் தாண்டச் சொல்கிறார். "ஏர்போர்ட்ல கேட்டா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லிடு" என்று பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார் அந்த ஏஜென்ட். அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறவர், நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் உண்மை பேசுவாரா?

அதே சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக்கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு ரசீது தர வேண்டும். "பெரிய ஏஜென்சியோட ஆளு நான்" என்று ஊருக்குள் சுற்றுகிறவர் பதிவு பெற்றவர் ஆகிவிட மாட்டார். எங்கள் காவலர் பணம் கொடுத்தது அப்படி ஒருவரிடம்தான். பட்டியலில் தேடினோம். அவர் பெயரும் இல்லை, அவர் சொன்ன நிறுவனத்தின் பெயரும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பட்டதாரிகள். அவர்கள் பாஸ்போர்ட்டில் அந்த மூன்று எழுத்து கிடையாது. நாம் அதைப் பெருமையாக நினைக்கிறோம். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர்களுடைய ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்க எந்த அலுவலகமும் கிடையாது. முழுப் பொறுப்பும் நம்முடையது. 2022இல் என்ன நடந்தது என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன கணினி படித்த இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், இணைய மோசடி வேலை செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. போனவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ஆங்கிலமும் கணினியும் தெரிந்ததால்தான் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நேர்காணல், உடனே டிக்கெட், போய் இறங்கியதும் விசா. வேலை அனுமதி என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆகவே படித்தவரோ படிக்காதவரோ, கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான். ஒன்று, இந்தத் தாளில் என்னை வேலைக்கு எடுப்பவரின் பெயர் இருக்கிறதா? இரண்டு, இது வேலைக்கான அனுமதியா, சுற்றிப் பார்க்கவா? மூன்று, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா? நான்கு, இந்தத் தாளை அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நானே சரிபார்த்தேனா? நான்குக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை பணம் கைமாறக்கூடாது. பணம் கொடுக்கும்போது வங்கி வழியாகக் கொடுங்கள். போகும்போது பாஸ்போர்ட், ஒப்பந்தம், அனுமதிக் கடிதம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது, 1800 11 3090. தமிழ்நாடு அரசுக்கும் இதற்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறையும் இருக்கிறது.

நம் காவலர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை அவர் அடகுக் கடைக்குப் போகவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு முதலாளியின் பெயரைக் கேட்டார். "நம்பிக்கை இல்லாட்டி விட்டுருங்க, அந்த சீட்டுக்கு பத்துப் பேர் நிக்கிறாங்க" என்று பதில் வந்தது. இருபதாயிரம் போனது போனதுதான். ரசீது இல்லை. போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.

பையனுக்கு என் மேல் கோபம். ஒரு மாதம் அப்பாவோடும் பேசவில்லை. அவனுடைய சிநேகிதன் ஒருவன் அதே ஆளிடம் பணம் கட்டி அதே விசிட் விசாவில் போய்விட்டான். துபாயில் உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். "அவன் போயிட்டான், நான் இங்க நிக்கிறேன்" என்றான் பையன். அவனுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் இல்லை. அந்தச் சிநேகிதனுக்கு நல்லபடியாக வேலை கிடைக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். "அவனுக்கு என்ன வேலை, யார் சம்பளம் குடுக்குறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு தம்பி" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தான். "கேட்டேன் சார். இன்னும் ரூம்லதான் இருக்கானாம்" என்றான். அதற்குப் பிறகு கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிறான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் படிவம் வாங்கியிருக்கிறான். ஏ பிளாக்கிலிருந்து ஒரு ஆசிரியை வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லித் தருகிறார்.

வெளிநாடு போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. என் வீட்டு மேல் தளமும் என் மகளின் படிப்பும் சிங்கப்பூர் வெள்ளியில் வந்தவை. சரியான தாளோடு போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். தாளைப் படிக்க ஆள் இல்லாததால்தான் பலர் தவறான தாளோடு போகிறார்கள்.

இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் மூன்று பிளாக்குகளிலும் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், ஓட்டுநர்கள், இஸ்திரி போடுபவர் என்று எத்தனை குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. அவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் "விசா வந்துவிட்டது" என்ற பேச்சு நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும். உங்களிடம் முன்பணம் கேட்டு வரும்போது, எதற்கு என்று கேளுங்கள். வெளிநாடு என்றால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிப் படித்துச் சொல்லுங்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும். உங்களுக்குப் புரியாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அசோசியேஷன் அறையில் இருப்பேன். உங்கள் பிள்ளைகளின் தாளையும் கொண்டு வரலாம், வெட்கப்பட வேண்டாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருந்தால் மறுநாள் அந்த நகை போயிருக்கும். என் தூக்கமின்மையை நம்பி நம் ஆட்களின் நகை இருக்கக்கூடாது. அதனால்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.